தேங்காய்த் தண்ணீர் குடித்த உன் கார்

மேலே எந்தத் தெருவில், எந்தக் கராஜில், யாருடைய இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாயோ தெரியாத என் அருமை மச்சான் குகனுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் கதைப்போம். உன் கார் ஓடுகிறது.

ஓம், உன் கார்தான். நீ இருந்த காலமெல்லாம் மோர்டனில் கவுன்சில் வாடகைக்கு விடுகிற கராஜ் வரிசையை விட்டு ஓரடி நகராத அதே எட்டுச் சிலிண்டர் இஞ்சின் அமெரிக்கப் பூதம். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். நானே இன்னும் முழுதாக நம்பவில்லை. இன்று காலையும் வேலைக்குப் போகிற வழியில் ராணி வீட்டுப் பக்கம் சுற்றிப்போய், அது அங்கேதான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ராணி என் தங்கை, உன் மனைவி. அவளைக் கட்டியதால் நீ எனக்கு மச்சான் ஆனாயா, அல்லது எனக்கு முதலே மச்சானாகிவிட்ட உரிமையில் அவளைக் கட்டினாயா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. இரண்டாவதுதான் உண்மை என்று எனக்கும் உனக்கும் தெரியும்.

லண்டனுக்கு வந்த புதிதில் விசா அலுவலாகக் குரோய்டனுக்குப் போனோமே, அது நினைவிருக்கிறதா? வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். உள்ளே என்ன கேட்டார்கள், நான் என்ன உளறினேன் என்று நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது சிவப்பு விளக்கில் ஒரு கார் வந்து நின்றது. நீண்ட மூக்கு, அகலமான தோள். நின்ற இடத்திலேயே, கச்சேரிக்கு முன் தவில்காரர் கைச்சூடு பார்ப்பது போல, திம் திம் என்று உறுமிக்கொண்டிருந்தது. நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"மச்சான், விசா கிடைச்சால் நான் இஞ்ச செய்யப்போற முதல் வேலை அதுதான்."

"எது, றோட்டைக் கடக்கிறதோ?" என்று கேட்டேன். நீ சொன்னது அந்தக் காரை என்று எனக்கு விளங்கவில்லை. மசில் கார் என்றால் அளவான ஒரு காருக்குள் அளவில்லாத ஓர் இஞ்சினைத் திணித்து அமெரிக்காக்காரன் அறுபதுகளில் செய்த விளையாட்டு என்று நீ எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியது அந்தப் பஸ்ஸில்தான்.

பிறகு கல்யாணம் முடிந்தது. போட்டோக்கொப்பி மெஷின் திருத்தும் வேலை நிரந்தரமானது. ஒரு சனிக்கிழமை, வோஷிங் மெஷின் பார்க்கப் போகிறேன் என்று வீட்டிலிருந்து புறப்பட்ட நீ, பின்னேரம் ஒரு லொறியின் முதுகில் அந்தக் காரைக் கொண்டுவந்து இறக்கினாய். நாலில் இரண்டு சில்லு இல்லை. பின்சீட்டில் கோழிகள் குடியிருந்த அடையாளம் இருந்தது. ராணி வெளியே வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள உடுப்பை எதால போடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

வோஷிங் மெஷினைப் பிறகு நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்பதை இந்த இடத்தில் பணிவோடு பதிவு செய்கிறேன்.

கார் கராஜுக்குப் போனது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் அதோடு போயின. நீயும் நானும் தொடங்கியதில் முதலில் வந்து சேர்ந்தவன் தேவன். வங்கியில் வேலை, வாயில் வேலை, கையில் வேலையே இல்லை. அமெரிக்கக் கார்ப் பத்திரிகைகளைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பவன். அடுத்தவர் சிவம் அண்ணை, பஸ் சாரதி. திருநீறு பூசாமல் போனெற்றைத் திறக்க விடமாட்டார். கடைசியாக வந்தவன் பக்கத்துக் கராஜ் டெரிக். தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரன். அவனுடைய கராஜிலும் ஒரு சின்ன ஆங்கிலக் கார் ஓடாமல் நின்றது. ஓடாத கார் வைத்திருப்பவர்களுக்கு இடையில் சாதி சமயம் இல்லை என்று நீ சொல்வாய்.

தின்ன மீன் ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு நாங்கள் அங்கே செய்ததைத் திருத்தவேலை என்று சொன்னால் வாய் கூசும். கதைத்தோம். அவ்வளவுதான். ஒரு நட்டை வைத்து ஒரு மாதம் கதைத்தோம்.

"அண்ணை, இது ஒரிஜினல் நட்டு இல்லை. அந்த வருஷத்து நட்டுக்குத் தலை இன்னும் கொஞ்சம் பெரிசு" என்பான் தேவன்.

"தம்பி, என்ர பஸ்ஸில ஒரிஜினல் எண்டு மிஞ்சியிருக்கிறது நான் ஒராள்தான். அது ஓடுதில்லையோ?" என்பார் சிவம் அண்ணை.

"ரெண்டு பேர் சொல்லுறதும் சரி. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ." இது நீ. இதுதான் எப்போதும் நீ.

என்ன நிறம் அடிப்பது என்று ஒரு குளிர் மாரிகாலம் முழுக்க விவாதம் நடந்தது. தேவன் பக்ரறியில் அடித்த அதே சிவப்புத்தான் என்றான். சிவம் அண்ணை மஞ்சள் மங்கலம் என்றார். கறளை மறைக்கிற எந்த நிறமும் நல்ல நிறம் என்றான் டெரிக். நடுவில் எத்தனை ஊர்க் கதை, எத்தனை பேருக்குக் கல்யாணம் பேசினோம், யார் யாருடைய பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவு செய்தோம்! வீட்டுப் பெண்கள் எங்களுக்குக் கராஜ் பாராளுமன்றம் என்று பெயர் வைத்தார்கள். பிழையில்லை. அங்கேயும் ஒன்றும் நிறைவேறுவதில்லைத்தானே.

பிறகு, போன வருஷத்துக்கு முந்திய மாரியில், நீ போனாய். வேலைக்குப் போன இடத்தில், திறந்துவைத்த மெஷினுக்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அதை இங்கே விரிக்க மாட்டேன், அழுகைக் கடிதம் உனக்குப் பிடிக்காது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த ஞாயிறு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே நாலு பேரும் கராஜில் நின்றோம். தேவன்கூட வாய் திறக்கவில்லை. அவன் பேசாமல் நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு நீ செத்தது விளங்கியது.

அதற்குப் பிறகு வருவதும் போவதுமாக ஒரு வருஷம் ஓடியது. காரில் ஒருவரும் கை வைக்கவில்லை. இந்தத் தை மாதம்தான் கராஜ் வரிசையை இடிக்கப்போகிறோம் என்று கவுன்சில் அறிவித்தது. அடுத்த ஞாயிறு ராணி வந்தாள். ஆஸ்பத்திரி நோயாளிகளை ஏற்றி இறக்குகிற வானை அவள்தானே ஓட்டுகிறாள், அந்த வேலை உடுப்போடேயே வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் கராஜுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் கதைச்சுப்போட்டியள். இனிக் காணும். சித்திரை வருஷத்தண்டைக்கு இது தன்ர சில்லில ஓடிவந்து என்ர வாசல்ல நிக்கவேணும். கட்டியிழுத்துக்கொண்டு வந்தால் செல்லாது. ஓடிவந்தால் வைச்சிருப்பன். இல்லாட்டி அடுத்த நாள் பழைய இரும்புக்காரன் வருவான்."

"ராணி, அது குகன்ர…" என்று நான் தொடங்கினேன்.

"அதாலதான் அண்ணை சொல்லுறன். அவர் இல்லாத வீட்டில, ஓடாத காரையும் வைச்சுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

அவள் போகும்போது தேவன் பயந்து பயந்து கேட்டான்: "அக்கா, நிறம் என்ன அடிக்கிறது?" அவள் திரும்பாமலே சொன்னாள்: "மயில்கழுத்து." ஒரு மாரிகாலப் பாராளுமன்ற விவாதம் ஒரு சொல்லில் முடிந்தது. அவளிடம் ஏன் நாங்கள் முதலே கேட்கவில்லை, மச்சான்? நீயாவது கேட்டிருக்கலாமே?

வேலை செய்தோம். சத்தியமாகச் செய்தோம். கதைத்துக்கொண்டே செய்தோம், அது வேறு. நீ கழற்றிப் பெயர் எழுதி டப்பாக்களில் போட்டுவைத்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினோம். விரல் நசியாத ஆள் ஒருவரும் இல்லை. தேவன் தன் கையால் முதன்முதல் ஒரு நட்டை இறுக்கினான், அது ஒரிஜினல் நட்டும் இல்லை. பங்குனி கடைசியில் ஒரு ஞாயிறு சிவம் அண்ணை திறப்பைப் போட்டுத் திருப்ப, இருமி, துப்பி, பிறகு கராஜ் தகரமெல்லாம் அதிர உன் இஞ்சின் எழும்பியது. தேவன் அழுதான். டெரிக் கராஜ் வாசல் சேற்றில் ஆடினான், அதை ஆட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை. வாகனச் சோதனைக்குக்கூட லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். அது முதன்முதல் ஓடிப்போகிற இடம் ராணியின் வாசலாக இருக்கவேண்டும் என்பது சிவம் அண்ணையின் கட்டளை.

இப்போது வருஷப்பிறப்புக் காலைக்கு வருகிறேன். இருக்கிற இடத்தில் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்.

மயில்கழுத்து நிறத்தில் உன் கார் பளபளவென்று நிற்கிறது. போனெற் திறந்தபடி. ஏனென்றால் தேவன் கடைசியாக ஒருமுறை டெரிக்குக்கு இஞ்சினைக் காட்டி விரிவுரை நடத்துகிறான். சிவம் அண்ணை பட்டு வேட்டியோடு வந்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத் தேங்காயைக் கையில் எடுத்தார். இடம் வலம் பார்த்து ஓங்கி நிலத்தில் அடித்தார். இரவு பெய்த மழையில் கராஜ் வாசல் வெறும் சேறு. தேங்காய் பொதக் என்று புதைந்துகொண்டு அவரைப் பார்த்தது.

"முதல் அடியில உடையேல்லை" என்று சிவம் அண்ணையின் முகம் இருண்டுவிட்டது. "இது சரியில்லை. கல்லு ஒண்டு தாங்கோ, கல்லு."

கல்லைத் தேடி நாங்கள் திரும்பினோம். அவ்வளவு நேரம்கூடப் பொறுக்காமல், நல்ல நேரம் முடியப்போகிறது என்று, கண்ணுக்கு முன்னால் தெரிந்த நல்ல பலமான இரும்பில் மனிதர் போட்டார் ஒரு போடு. உன் இஞ்சினில், மச்சான்! தேங்காய் இரண்டு சரிபாதியாகப் பிளந்தது. அப்படி ஒரு சகுனத்தை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. தண்ணீர் முழுவதும் இஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற மூடியிலும் வயர்களிலும் வழிந்தது.

திறப்பைத் திருப்பினோம். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. ஒரு வெடி, ஒரு புகை, பிறகு மௌனம்.

"நான் என்ன செய்துபோட்டன், கடவுளே…" என்று சிவம் அண்ணை சேற்றில் குந்திவிட்டார். டெரிக் இரண்டு பாதித் தேங்காயையும் பொறுக்கி எடுத்து, உங்கள் நாட்டில் கார்களுக்கு இதைத்தான் ஊற்றுவார்களா என்று மரியாதையாகக் கேட்டான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். தேத்தண்ணியைக் குடியுங்கோ என்றுதான் சொல்லியிருப்பாய். குடித்தோம். கோபம் கொஞ்சம் இறங்கியது. மூடியைக் கழற்றினோம். சிவம் அண்ணை தோளில் கிடந்த புதுச் சால்வையை உருவி, அதை உள்ளுக்குள் துடைத்தார். டெரிக் ஓடிப்போய்த் தன் மனைவியின் தலைமயிர் காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்தான். நாலு பேர் நின்று ஒரு இஞ்சினுக்குத் தலை துவட்டி விட்டோம்.

"இனிப்பு ஒட்டியிருந்தால் திரும்பவும் நிண்டுபோகும்" என்று தேவன் மட்டும் முணுமுணுத்தான். பத்திரிகை படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன், ஆனால் அவன் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை.

பிடித்தது. எலுமிச்சம்பழங்கள் நாலும் நசிந்தன. சிவம் அண்ணை ஓட்டினார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் தேவன் வலது பக்கம் இருந்து, "வரலாம், வரலாம், நில்லுங்கோ" என்று கத்தினான். பின்சீட்டில் நானும் டெரிக்கும். மோர்டன் தெருவெல்லாம் பொரித்த தேங்காய்ச் சொட்டு வாசம். பஸ் தரிப்பிடத்தில் நின்ற சனம் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் கையசைத்தேன். வேறு என்ன செய்வது?

ராணியின் வாசலில் வந்து நின்றோம். சிவம் அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா ஆலாத்தித் தட்டோடு தயாராக நின்றார். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வேலியோரம் நின்றது. ராணியைக் காணவில்லை.

உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால், சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் பிள்ளை இஞ்ச நிக்கிறாய்? வந்து பார். ஓடி வந்திட்டுது."

"சத்தம் கேட்டது அண்ணை. நல்ல காரியம், வருஷப்பிறப்பு. ஆலாத்தி எடுத்து முடியட்டும். நான் முன்னுக்கு வந்து நிண்டால் ஆரும் ஏதும் சொல்லுவினம்."

"ஆர் சொல்லுறது? சொல்லுற வாயை எனக்குக் காட்டு."

"சத்தம் போடாதேங்கோ. நீங்கள் போங்கோ, நான் பிறகு வாறன்."

எனக்கு நெஞ்சு கொதித்தது. யாருடைய கார்? யார் விதித்த கெடு? யாருக்காக நாங்கள் மாரி முழுக்கக் கை விறைத்தோம்? வாசலுக்கு ஓடிவா என்று காருக்குச் சொன்னவள் வாசலுக்கு வரமாட்டேன் என்கிறாள். வெளியே வந்து நாலு வார்த்தை கத்தத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, வாசலில் ஓடவிட்டிருந்த இஞ்சின் நின்றுவிட்டது.

சிவம் அண்ணை திருப்பினார். ம்ஹும். இன்னொருக்கால் திருப்பினார். ம்ஹும். உடனே பாராளுமன்றம் கூடிவிட்டது.

"நான் சொன்னனான், இனிப்பு ஒட்டியிருக்கு."

"இல்லைத் தம்பி, பெற்றோல் வரேல்லை."

டெரிக் பற்றறி என்றான். நானும் விடுவேனா, வயர் ஒன்று கழன்றிருக்கிறது என்றேன். ஆலாத்தித் தட்டில் கற்பூரம் எரிந்து முடியப் பார்க்கிறது. நாங்கள் நாலு பேரும் போனெற்றைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் கதைக்கிறோம். எவ்வளவு நேரம் கதைத்திருப்போமோ!

"காணும்!"

ராணி. படியிறங்கி, வேலியோரச் சனத்துக்கு நடுவால், நேரே வந்தாள். தலைப்பு எப்போதோ தோளுக்கு இறங்கியிருந்தது.

"எட்டு வருஷம் இதைத்தானே கேட்டனான். கதை, கதை, கதை. தள்ளுங்கோ எல்லாரும். அண்ணை, திறப்பைத் தரச் சொல்லுங்கோ."

சிவம் அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை போல இறங்கித் திறப்பைக் கொடுத்தார். அவள் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு, எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுச் சுற்றிப் போனாள். ஏறியிருந்தாள். குளிர் காலையில் தன் வானுக்குச் செய்வது போல, பெற்றோல் மிதியை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். விடாமல் திருப்பினாள். உறுமிக்கொண்டு பிடித்தது. வேலியோரச் சனம் கைதட்டியது.

புஷ்பம் அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ராணி ஸ்டியரிங்கில் இருக்க, காருக்கும் அவளுக்கும் சேர்த்து மூன்று முறை சுற்றினார். சிவம் அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். "தேங்காயை இஞ்சினில உடைச்ச ஆள் எனக்குச் சாத்திரம் சொல்ல வேண்டாம்."

ராணி அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். நான் அழுதேன். அதை மறைக்கப்போவதில்லை.

ஏறிக்கொள்ளலாம் என்று நாலு பேரும் கதவைப் பிடித்தோம். அவள் தலையை ஆட்டினாள். "முதல் ஓட்டம் நான் தனியப் போறன்." மயில்கழுத்து நிறத்தில் தெருமுனை திரும்பியது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நாங்கள் வாசல்படியில் வரிசையாகக் குந்தியிருந்து வருஷப்பிறப்புப் பலகாரத்தைத் தின்றோம். வைத்திருப்பாளா, விற்றுவிடுவாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடிவந்தால் வைத்திருப்பேன் என்றாள். ஓடித்தான் வந்தது, ஆனால் வாசலில் நின்றுபோனதே? அது செல்லுமா செல்லாதா? கார் போனால் எங்கள் ஞாயிறும் போகும் என்பது நாலு பேருக்கும் தெரியும்.

நெடுநேரம் கழித்து வந்து நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது. தலைமயிர் காற்றில் குலைந்து, கல்யாணத்துக்கு முந்திய ராணி போல இருந்தாள். எங்கே போனாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. உனக்குத் தெரியும்தானே, நீயும் பக்கத்துச் சீட்டில் போயிருப்பாய்.

திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இறங்கி, எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லா ஓடுது. வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் இழுக்குது. வாற ஞாயிறு வந்து என்னெண்டு பாருங்கோ."

மச்சான், வருகிற ஞாயிறு போகிறோம். இழுப்பது ஏன் என்று தேவன் இப்போதே ஒன்று சொல்கிறான், சிவம் அண்ணை வேறொன்று சொல்கிறார், டெரிக் இரண்டும் இல்லை என்கிறான். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. அதை நாங்கள் அவசரப்பட்டுத் திருத்திவிடமாட்டோம். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ராணிக்கு அண்ணன், உனக்கு அதற்கும் முதலே
மச்சான்,
யோகன்